லாரி ஓடாத நாட்களில் பிறந்த பை

கோட்டையூரில் நடுராத்திரி ஒருவருக்கு மூச்சுக்கு ஆபத்து என்றால் போகிற வழி எல்லோருக்கும் தெரியும். முதலில் காரைக்குடி பெரியாஸ்பத்திரி. அங்கே பார்த்துவிட்டு மேலே அனுப்ப வேண்டும் என்று சொன்னால் சிவகங்கை மருத்துவக் கல்லூரி, இல்லையென்றால் மதுரை. மதுரைக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 108 வண்டி ஓட்டுகிறவரைப் பைலட் என்றுதான் சொல்வார்கள். பைலட் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்க, பின்னால் நோயாளியின் தலைமாட்டில் ஈ.எம்.டி. என்கிற அவசர மருத்துவ உதவியாளர் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் ஒரு பை. அமுக்குகிறார், விடுகிறார். திருப்பத்தூர் தாண்டுகிறது, மேலூர் தாண்டுகிறது, அமுக்குவது மட்டும் நிற்பதில்லை.

அதுதான் ஆம்பு பேக். ஒன்றரை லிட்டர் காற்று கொள்ளும் ஒரு சிலிக்கோன் பை, ஒரு வால்வு, முகத்தில் பொருத்த ஒரு மாஸ்க். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, எதையும் அளந்து காட்டும் மீட்டரும் கிடையாது. ஆக்சிஜன் சிலிண்டரோடு இணைத்தால் நல்லது. இணைக்காவிட்டாலும் வேலை செய்யும். கடைசியாகச் சொன்ன இந்தக் குணத்துக்காகத்தான் இது பிறந்தது. அந்தக் கதையை 1952இல் டென்மார்க்கில் பரவிய ஒரு நோயிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால் துருத்தியைப் பற்றிக் கொஞ்சம்.

மூச்சு நின்றவருக்கு வெளியிலிருந்து காற்று கொடுக்கலாம் என்பது பழைய யோசனை. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தண்ணீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே சங்கங்கள் இருந்தன. 1767இல் ஆம்ஸ்டர்டாமில் ஒன்று தொடங்கியது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1776இல் இரட்டைத் துருத்தி ஒன்றைப் பரிந்துரைத்தார். ஒரு பக்கம் நல்ல காற்றை உள்ளே தள்ளும், மறுபக்கம் கெட்ட காற்றை வெளியே இழுக்கும். கொல்லுப்பட்டறைத் துருத்தியின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு 1820களின் கடைசியில் பிரான்சில் லெருவா என்ற மருத்துவர், துருத்தியை வேகமாக அழுத்தினால் நுரையீரல் கிழிந்து விலங்குகள் செத்துப்போவதைச் செய்து காட்டினார். அத்தோடு துருத்தியின் கதை முடிந்தது. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல், மூச்சு நின்றவரைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்துவதும் மல்லாத்திக் கையைத் தூக்கி இறக்குவதும்தான் முதலுதவி. லெருவாவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

1952 கோடையில் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. நகரின் தொற்றுநோய் மருத்துவமனையான பிளெக்டாமுக்கு, உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 50 பேர் வரை வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். கால் விளங்காமல் போனவர்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இந்த முறை வந்த நோய், மூச்சு விடும் தசைகளையும் விழுங்கும் தசைகளையும் சேர்த்து முடக்கியது. அதற்கு அப்போதிருந்த கருவி இரும்பு நுரையீரல். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதையும் ஒரு பெரிய பெட்டிக்குள் வைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்தும் கூட்டியும் மார்பை விரியச் செய்வார்கள். அந்த மருத்துவமனையில் அப்படிப்பட்ட பெட்டி ஒன்றே ஒன்று. மார்பில் மட்டும் கட்டுகிற சிறிய கூடுகள் ஆறு. முதல் மூன்று வாரங்களில் மூச்சுக்குத் திணறி வந்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

கருவிகள் குறைவு என்பது பாதிக் காரணம்தான். என்ன நடக்கிறது என்பதையே தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகளுக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உதடு நீலம் பாரிக்கவில்லை, முகம் சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் வியர்த்துக் கொட்டியது, ரத்த அழுத்தம் ஏறியது, நினைவு மங்கியது, பிறகு சாவு. ரத்தத்தைச் சோதித்தால் பைகார்பனேட் அதிகமாக இருந்தது. ரத்தத்தில் காரத்தன்மை கூடிவிட்டது, மூளையை வைரஸ் தாக்கிவிட்டது என்றெல்லாம் விளக்கம் சொன்னார்கள்.

தலைமை மருத்துவர் லாஸன் வேறு வழியில்லாமல் ஒரு மயக்க மருந்து நிபுணரை அழைத்தார். பெயர் பியோர்ன் இப்ஸன். அறுவை அரங்கத்தை விட்டு வெளியே வராத இனம் அது. காய்ச்சல் வார்டுக்கு அவரைக் கூப்பிடுவதே புதுமை. இப்ஸன் அமெரிக்காவில் பாஸ்டனில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். அறுவை மேஜையில் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, நோயாளியின் மூச்சைத் தன் கையாலேயே நடத்திப் பழகியவர். அவர் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: இந்தக் குழந்தைகளுக்கு ஆக்சிஜன் போகிறது, கரியமில வாயு வெளியே வரவில்லை. மூச்சு ஆழமில்லாமல் மேலோட்டமாக ஓடினால் அப்படித்தான் ஆகும். சிவப்பாக இருக்கிறார்கள் என்பதை வைத்து மூச்சு சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றும் வார்டுகளில் இதே தடுமாற்றம் நடக்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டினால் 'சேச்சுரேஷன் நல்லா இருக்கு' என்று நிம்மதி அடைந்துவிடுகிறோம். ஜப்பானின் தகுவோ அவோயாகி 1970களில் கண்டுபிடித்த அற்புதமான கருவி அது, மறுப்பில்லை. ஆனால் அது ஆக்சிஜனைத்தான் பார்க்கும், கரியமில வாயுவைப் பார்க்காது. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளி மூச்சைக் குறைத்துக்கொண்டே போனாலும் எண் நெடுநேரம் அசையாமல் இருக்கும்.

1952 ஆகஸ்ட் 27ஆம் தேதி, 12 வயதுச் சிறுமி ஒருத்தி சாகும் தறுவாயில் இருந்தாள். அவள் தொண்டைக்குழியில் துளை போட்டு, ஒரு குழாயைச் செருகி, அதில் ரப்பர் பையை மாட்டி அழுத்தினார் இப்ஸன். காற்று உள்ளே போகவில்லை. சிறுமி முரண்டினாள், மூச்சுக்குழல் இறுகிப்போனது. சுற்றி நின்று வேடிக்கை பார்த்த மருத்துவர்கள் இனி பார்க்க ஒன்றுமில்லை என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். இப்ஸன் பெண்டோதால் என்ற மயக்க ஊசி போட்டார். அவளிடம் மிச்சமிருந்த கொஞ்ச மூச்சும் நின்றது, போராட்டமும் நின்றது. இப்போது பை அழுந்தியது, மார்பு ஏறியது. வியர்வை அடங்கி, ரத்த அழுத்தம் இறங்கியது. சந்தேகப்பட்டவர்களுக்காக அவளை மறுபடி மார்புக்கூட்டுக் கருவிக்கு மாற்றிப் பார்த்தார்கள், நிலைமை மோசமானது. பைக்குத் திரும்பியதும் தேறினாள். மூச்சைக் கையில் எடுத்துக்கொள்ள முதலில் மூச்சை நிறுத்த வேண்டியிருந்தது. இன்றைக்கும் அவசரப் பிரிவில் டியூப் போடும்போது மருத்துவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் இடம் அதுதான்.

வைத்தியம் கிடைத்துவிட்டது. அமுக்கக் கை வேண்டுமே! மருத்துவ மாணவர்களைத் திரட்டினார்கள். சுமார் 1,500 மாணவர்கள் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு படுக்கையோரம் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் 70 பேருக்கு மாணவர்களின் கைதான் மூச்சு. மொத்தம் 1,65,000 மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். பத்துக்கு எட்டுக்கு மேல் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. மறு ஆண்டே இப்ஸன் நகரின் இன்னொரு மருத்துவமனையில் தனி வார்டு ஒன்றைத் தொடங்கினார். இன்று நாம் ஐ.சி.யூ. என்று சொல்வதற்கு அதுதான் முதல் பிள்ளை.

அந்த மாணவர்கள் அமுக்கிய பை ஆம்பு பேக் அல்ல. மயக்க மருந்து கொடுக்கப் பயன்படுத்தும் மெல்லிய ரப்பர் பை. விட்டால் தானாக எழும்பாது, தளர்ந்து தொங்கும். சிலிண்டரிலிருந்து வாயு வந்து நிரப்பினால்தான் அடுத்த அமுக்கலுக்குத் தயாராகும். நோயாளி விட்ட மூச்சும் அதே பைக்குள் திரும்பி வரும் என்பதால், கரியமில வாயுவை உறிஞ்ச நடுவே சோடா சுண்ணாம்பு டப்பா ஒன்றையும் வைக்க வேண்டும். ஆக, படுக்கைக்குப் படுக்கை சிலிண்டர், டப்பா, குழாய். ஆஸ்பத்திரிக்குள்ளே அது நடக்கும், நடுத்தெருவில் நடக்காது.

இங்கேதான் ஹென்னிங் ரூபன் வருகிறார். அவரும் கோபன்ஹேகன்காரர், அவரும் மயக்க மருந்து நிபுணர். அவர் முதலில் தீர்த்தது டப்பாவின் தொல்லையை. உள்ளே போகும் மூச்சு பையிலிருந்து, வெளியே வரும் மூச்சு நேராக அறைக்கு, இரண்டும் கலக்கவே கலக்காது என்ற கணக்கில் சிறிய வால்வு ஒன்றைச் செய்தார். 1950களின் நடுவில் அது ரூபன் வால்வு என்ற பெயரில் அறுவை அரங்கங்களுக்குப் போனது. அதைத் தயாரித்தவர் ஹோல்கர் ஹெஸ்ஸ, ஜெர்மனியில் பிறந்த பொறியாளர். 1937 முதலே கோபன்ஹேகனில் டெஸ்டா என்ற பெயரில் சிறிய மருத்துவக் கருவிக் கம்பெனி நடத்திவந்தார். ஒருவருக்கு வார்டில் என்ன வேண்டும் என்பது தெரியும், இன்னொருவருக்கு அதைப் பட்டறையில் எப்படிச் செய்வது என்பது தெரியும். இப்படி ஒரு ஜோடி அமைவது அபூர்வம்.

பிறகு 1954இல் டென்மார்க்கில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லாரி ஓடவில்லை என்றால் சிலிண்டர் வராது. சிலிண்டர் வராவிட்டால் ரப்பர் பை வெறும் ரப்பர். வார்டில் எவ்வளவு கை இருந்தாலும் பிரயோசனம் இல்லை.

ரூபன் கேட்டுக்கொண்ட கேள்வி எளிமையானது. அமுக்கிய பை தானே விரிந்து, சுற்றியிருக்கும் சாதாரணக் காற்றை உறிஞ்சி நிரம்பிக்கொண்டால் என்ன? அதற்குப் பைக்குள் ஏதாவது ஒன்று அதை விரித்துப் பிடிக்க வேண்டும். சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளை எடுத்து, பற்றவைத்து, மயக்க மருந்துப் பைக்குள் நுழைத்து முதல் மாதிரியைச் செய்தார் என்பது இந்தப் பையின் வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் செய்தி. கம்பியை வைத்தே கடைக்கு அனுப்ப முடியுமா? ஹெஸ்ஸவும் அவரும் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பார்த்து, பையின் உட்புறம் முழுக்க ரப்பர் நுரையை ஒட்டினார்கள். அமுக்கினால் நுரை நசுங்கும், விட்டால் தன் பழைய உருவத்துக்கு வரும், வரும்போது பின்புறத் துளை வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். முன்புறத்தில் ரூபனின் வால்வு ஏற்கெனவே தயார். 1956இல் ஆம்பு என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு 'லான்செட்' இதழில் ரூபன் அதைப் பற்றி எழுதினார். சளியை உறிஞ்சக் காலால் மிதிக்கிற பம்ப் ஒன்றும் அதில் உண்டு. அதற்கும் மின்சாரம் வேண்டாம். நுரை பின்னாளில் போய், தானே விறைப்பாக நிற்கும் சிலிக்கோன் வந்தது. பையின் பெயரையே கம்பெனி தனக்கு வைத்துக்கொண்டது. மற்றக் கம்பெனிகள் செய்கிற பையையும் நாம் ஆம்பு என்றுதான் கூப்பிடுகிறோம்.

சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தானே, அது போதுமா? நுரையீரல் கெட்டுப்போனவருக்குப் போதாது. அவருக்குச் சிலிண்டரும், பையின் வாலில் தொங்கும் சேமிப்புப் பையும் வேண்டும். ஆனால் கோபன்ஹேகன் குழந்தைகளுக்கு நுரையீரல் கெட்டிருக்கவில்லை. அதை அசைக்கும் தசைதான் வேலைநிறுத்தம் செய்தது. அப்படிப்பட்டவருக்கு அறைக் காற்றே தாராளம், யாராவது அதை உள்ளே தள்ளினால் போதும்.

கோட்டையூர்ப் பக்கம் அப்படிப்பட்ட நோயாளி யார்? கட்டுவிரியன் கடித்தவர்.

ஐப்பசி மழை இறங்கியதும் செட்டிநாட்டில் பாம்பு நடமாட்டம் கூடும். பூட்டியே கிடக்கும் பெரிய வீடுகள், இடிந்த சுவரின் செங்கல் குவியல், பின்கட்டில் அடுக்கிய விறகு, கண்மாய்க் கரை, எல்லாம் அதற்குத் தோது. கட்டுவிரியன் பகலில் சாது, ராத்திரிதான் வெளியே வரும். தரையில் பாய் விரித்துப் படுத்தவரைத் தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போய்விடும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, கடித்த தடமே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்திருப்பார். வாயுக் கோளாறு என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கண் இமை தானாகச் சரியும். தூக்கக் கலக்கம் என்று வீட்டார் நினைப்பார்கள். பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. அதற்கு அடுத்தபடி மூச்சு.

அவசரப் பிரிவில் இவரைப் பார்க்கும் முறை அலாதியானது. மூச்சை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. ஆனால் எண் கெடுவதற்கு முன்பே தசை கெடத் தொடங்கிவிடும். அதைப் பிடிக்கத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வார்கள், மேலே அண்ணாந்து பார்க்கச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது மூன்றாவது சோதனை. அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

"ஐயா, நல்லா மூச்சை இழுத்துக்கங்க. இழுத்துட்டு, நடுவுல மூச்சு வாங்காம ஒண்ணுல இருந்து எண்ணுங்க பாப்போம்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

நல்ல திடமான ஆள் ஒரே மூச்சில் 30, 40 என்று போவார். இவர் மூன்று மணிக்கு 24 வரை எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரை மணி கழித்து 17. இன்னும் அரை மணியில் 11. சேச்சுரேஷன் இப்போதும் 97தான் காட்டும். அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ் விரல் கருவியைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், டியூப் தட்டை எடுத்துவைத்து டூட்டி டாக்டரைக் கூப்பிடுவார். இப்ஸன் கோபன்ஹேகனில் சிவந்த முகங்களுக்குப் பின்னால் பார்த்ததை இந்த எண்ணிக்கை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

விஷமுறிவு மருந்து உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் விஷம்தான் நாட்டின் விஷமுறிவு மருந்துக்குப் பெரிய ஆதாரம். ஆனால் கட்டுவிரியனின் விஷம் நரம்பின் நுனியையே சிதைக்கிறது. சிதைந்த நுனியை மருந்து திரும்பக் கட்டித் தராது. உடம்பே புதிதாக வளர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சில நாளிலிருந்து சில வாரம்கூட ஆகும். அதுவரை வேறு யாராவது மூச்சு விட்டுக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார், பிழைத்தபின் பெரும்பாலும் முன்போலவே ஆகிவிடுவார். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் எத்தனை பேர் விஷத்தால் இறந்தார்கள், எத்தனை பேர் வழியில் மூச்சு கொடுக்க ஆளில்லாமல் இறந்தார்கள் என்று யார் பிரித்துச் சொல்வது? தமிழக அரசு 2024இல் பாம்புக் கடியை, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் என்று அறிவித்தது. கணக்காவது இனி சரியாக வரட்டும்.

இன்னொன்று, இது வண்டியில் கூட வரும் உறவினர்களுக்கு. விஷம் முழுதாக ஏறியவருக்குக் கண் திறக்காது, கண்மணி வெளிச்சத்துக்கு அசையாது, கிள்ளினால் கை நகராது. பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது போலத்தான் இருக்கும். ஆனால் அவருக்கு நினைவு இருக்கும், காது கேட்கும். தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தால் அதையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பார்.

சரி, பைக்கு வருவோம். டியூப் போடுவதற்கு முன், மாஸ்க் வைத்து ஆம்பு பண்ணுவது பார்க்கச் சுலபமாகத் தெரியும். பழகாதவர் செய்தால் காற்று முழுக்கக் கன்னத்தோரம் புஸ்ஸென்று போய்விடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை வளைத்துப் பிடிக்க வேண்டும். மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பில் கொக்கி போட்டு மேலே தூக்க வேண்டும். மாஸ்க்கை முகத்தில் அழுத்தக் கூடாது, முகத்தை மாஸ்க்குக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். தாடையைத் தூக்காவிட்டால் நாக்கு பின்னால் விழுந்து வழியை அடைத்துக்கொள்ளும். பொக்கை வாய்ப் பெரியவர்களுக்குக் கன்னம் உள்வாங்கிக் காற்று கசியும். பல்செட் கெட்டியாக உட்கார்ந்திருந்தால் டியூப் போடும்வரை அதைக் கழற்றாமல் விடுவதும் உண்டு. உண்மையில் இது இரண்டு பேர் வேலை. ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருவர் அமுக்க வேண்டும். வண்டியிலோ இருப்பது ஒருவர். அதனால்தான் கிளம்பும்போதே, "அண்ணே, நீங்க ஏறுங்க. நான் சொல்றப்ப மட்டும் அமுக்குங்க" என்று கூட வந்தவர்களில் ஒருவரை ஏற்றிக்கொள்ள வேண்டிவருகிறது.

எப்போது அமுக்குவது? பெரியவர்களுக்கு ஐந்தாறு வினாடிக்கு ஒரு தடவை. எவ்வளவு? மார்பு மெல்ல எழும்பும் அளவுக்கு, ஒரு வினாடி நேரம். பை முழுவதையும் பிழிய வேண்டியதே இல்லை, அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். கேட்க எளிமையாக இருக்கும் இந்த விதியை மனிதக் கை மதிப்பதே இல்லை. பதற்றத்தில் கை தானாக ஓடும். 2004இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் டாம் ஆஃப்டர்ஹைட் என்பவரும் கூட்டாளிகளும், பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ்காரர்கள் இதயம் நின்றவர்களுக்கு எத்தனை முறை பை அமுக்குகிறார்கள் என்று 13 பேரிடம் அளந்து பார்த்தார்கள். நிமிஷத்துக்குச் சராசரியாக 30. வேண்டியதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. அதே வேகத்தில் பன்றிகளிடம் செய்து பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. காற்றை ஓயாமல் திணித்தால் மார்புக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்துவிடுகிறது. பலமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும், அது நுரையீரலுக்குள் இறங்கும். அதையும் மீறினால் நுரையீரலே கிழியும். லெருவா துருத்தியை வைத்துச் சொன்னது சைக்கிள் கம்பியும் சிலிக்கோனும் வந்த பிறகும் மாறவில்லை. குழந்தைகளின் பையில் அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்ளும் சிறு வால்வு வைத்திருக்கிறார்கள். பெரியவர்களின் பைகள் பலவற்றில் அமுக்குகிறவரின் நிதானம்தான் வால்வு.

லாரி வேலைநிறுத்தத்தால் வந்த காற்றுப் பஞ்சத்தை ரூபன் தீர்த்தார். கோபன்ஹேகனில் இருந்த இன்னொரு பஞ்சம், கைப் பஞ்சம், அப்படியே நம் ஊர் வரை வந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்தவர்கள் மருத்துவ மாணவர்கள். ஷிஃப்ட் இருந்தது, சம்பளம் இருந்தது, மேலே பார்க்க ஆள் இருந்தது. நம் நாட்டுப் பொது ஆஸ்பத்திரிகளில் வென்ட்டிலேட்டர் காலியாக இல்லாத ராத்திரிகளில் டியூப் போட்ட நோயாளியின் பக்கத்தில் பையோடு உட்காருவது மகனோ, மருமகனோ, அக்காள் புருஷனோ. 'இப்படி அமுக்கு, இப்படி விடு' என்று ஒரு தரம் காட்டிவிட்டு நர்ஸ் அடுத்த படுக்கைக்குப் போயாக வேண்டும். அவர் பேரில் குற்றமில்லை, ஐந்து பேருக்கு ஒருவராக ஓடுகிறார். விடிகாலை நான்கு மணிக்கு அந்த மருமகனுக்குக் கண் சொக்கும், கை ஓயும், பிறகு திடுக்கிட்டு விழித்து இரண்டு மடங்கு வேகத்தில் அமுக்குவார். இதைத் தியாகம் என்று கதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தியாகமாகத் தெரியவில்லை, நிர்வாகம் கணக்கில் எழுதாத ஒரு வேலையாகத்தான் தெரிகிறது. குறைந்தபட்சம், கடிகாரத்தைப் பார்த்து எண்ணி அமுக்க ஐந்து நிமிஷம் சொல்லிக்கொடுக்கலாம், இரண்டு மணிக்கொரு தரம் ஆளை மாற்றலாம்.

2020இல் கொரோனா வந்து வென்ட்டிலேட்டர் தட்டுப்பாடு ஏற்பட்டபோது உலகம் முழுக்கப் பொறியாளர்களுக்கு இந்தப் பைதான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு, பையை இரண்டு பக்கமும் கவ்வி அமுக்கும் மோட்டார்க் கை ஒன்றின் வரைபடத்தை வெளியிட்டது. இங்கே மகிந்திரா நிறுவனம் அந்த மார்ச் மாதத்திலேயே மாதிரிகளைச் செய்து காட்டியது. கல்லூரி கல்லூரியாகப் பையன்கள் வைப்பர் மோட்டாரை வைத்து இதைச் செய்துகொண்டிருந்தார்கள். கைக்கு ஓய்வு கொடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழகிய கைக்குப் பையின் கனம் தெரியும். டியூபில் சளி அடைத்தால் பை இறுகும், டியூப் நழுவினால் சட்டென்று லேசாகும், மூச்சுக்குழல் சுருங்கினால் காற்று வெளியேற நேரம் எடுக்கும். மோட்டார் எதையும் உணராமல் அமுக்கிக்கொண்டே இருக்கும். இதை உணரும் கருவிகளை எல்லாம் சேர்த்தால் கிடைப்பது வென்ட்டிலேட்டர், அதன் விலைதான் பிரச்சினையே.

தமிழ்நாட்டில் 108 வண்டிகள் ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். அவற்றில் இருக்கும் உயிர் காக்கிற சாமான்களில் விலை குறைந்தவற்றில் ஒன்று இந்தப் பை, பிரித்துக் கழுவி மறுபடி பூட்டக்கூடியது. ஆபத்தும் அங்கேதான். உள்ளே இருக்கும் வாத்து மூக்கு போன்ற ரப்பர் இதழை, கழுவிய பிறகு தலைகீழாகப் பூட்டினாலோ பூட்ட மறந்தாலோ பை வெளிப்பார்வைக்கு அப்படியே இருக்கும், காற்று மட்டும் நோயாளிக்குப் போகாது. அதனால் ஷிஃப்ட் மாறும்போது வண்டியில் ஏறுகிற ஈ.எம்.டி. செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, பையின் வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு அமுக்கிப் பார்ப்பது. அமுங்க மறுத்தால் பை சரி. லேசாக அமுங்கினால் எங்கேயோ கசிகிறது. பிரித்து, இதழைத் திருப்பிப் போட்டு, மறுபடியும் அமுக்கிப் பார்க்க வேண்டும்.